பிட்சர் மட்டை பிடிக்கலாமா? ஜப்பானின் இரண்டு லீக்குகள்

ஜப்பான் பேஸ்பாலில் பசிபிக் லீக் 1975-லேயே டிஹெச் (டெசிக்னேட்டட் ஹிட்டர்) முறைக்கு மாறிவிட்டது. பந்து வீசும் பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஓர் ஆள். ஃபீல்டிங் வேலை கிடையாது. சென்ட்ரல் லீக் மட்டும் பிட்சரையே மட்டையோடு அனுப்பிக்கொண்டிருந்தது.

வேடிக்கை பார்க்க எனக்குப் பிடித்தது சென்ட்ரல் முறைதான். ஏழாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கியிருக்கிறார்கள், ரன்னுக்கு ஓடும் பாதையின் இரண்டாவது நிறுத்தமான இரண்டாவது பேஸில் ஒருவர், அடுத்தது பிட்சரின் முறை. பிரமாதமாக வீசிக்கொண்டிருப்பவரை உட்காரவைத்து வேறு ஆளை இறக்குவதா, இல்லை பந்தை மெல்லத் தட்டிவிடச் சொல்வதா? மேனேஜர் தலையைச் சொறிவார். பசிபிக்கில் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அங்கே வீசுகிறவருக்கு மூச்சுவிட நேரமில்லை, ஒன்பதாவதாக வருபவரும் அடிக்கத் தெரிந்தவர்தான்.

இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் சீரீஸில் யார் மைதானமோ அவர்கள் விதி. அமெரிக்காவிலும் இதே கதைதான்: அமெரிக்கன் லீக் 1973-ல் தொடங்கியதை நேஷனல் லீக் 2022-ல்தான் நிரந்தரமாக ஏற்றது. சரி, சென்ட்ரல்? 2027 சீசனிலிருந்து தானும் மாறுவதாக 2025-ல் அறிவித்துவிட்டது.