கிருஷ்ணகிரியில் வாங்கிய கேஸ் மாத்திரை

மே மாதம் கிருஷ்ணகிரிக்குப் போனால் மாம்பழத்துக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? செந்தூரா, அல்போன்சா, போதாததற்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கிளிமூக்கு. நாலாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. ஒரு மெடிக்கலில் நெஞ்செரிச்சல், குமட்டல் என்றேன். சீட்டும் கேட்கவில்லை, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. "காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடுங்கக்கா" என்று ஓர் அட்டையை நீட்டினார். இரண்டே நாளில் வயிறு சரியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி, தாய்ப்பாலுக்கான புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் வகை. அதை அடக்க ஆறு வருடமாக வாரம் இருமுறை கேபர்கோலின் மாத்திரை. ஊருக்கு வந்தால் ரத்தப் பரிசோதனை இங்கேதான்: காலையில் வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள், மாலையில் வாட்ஸ்அப்பில் ரிசல்ட். நியூ ஜெர்சியில் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் வழக்கமாக 14 காட்டும் புரோலாக்டின் அளவு இம்முறை 71! பெண்களுக்கு 25க்குள் இருக்க வேண்டியது. கட்டி வளர்ந்துவிட்டதென்று அம்மா வேண்டுதலே வைத்துவிட்டார்.

பஸ் பிடித்துத் தர்மபுரியில் ஹார்மோன் டாக்டரிடம் போனேன். இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, ஃபேன் பெயருக்குச் சுற்றியது. உள்ளே அவர் ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லை. "பையில இருக்கற மாத்திரை எல்லாத்தையும் மேசை மேல கொட்டும்மா" என்றார். கேஸ் மாத்திரையைத் திருப்பி, அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலுக்குக் கீழே, வயிற்றின் இயக்கத்தைத் தூண்டும் லெவோசல்பிரைடு என்ற பெயரில் விரல் வைத்தார். அமெரிக்காவில் அனுமதி இல்லாத மருந்து. எனக்கு எப்படித் தெரியும்?

மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு இறங்கும் டோபமைன் என்ற ரசாயனம்தான் புரோலாக்டினுக்குக் கடிவாளமாம். கேபர்கோலின் டோபமைன் வேஷம் கட்டிக்கொண்டு டோபமைனுக்கான டி2 ஏற்பி என்ற சீட்டில் போய் உட்கார்ந்து சுரப்பை அடக்குகிறது. லெவோசல்பிரைடோ அதே சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறது, ஆனால் அடக்கும் வேலையைச் செய்வதில்லை.

"குமட்டலுக்குத் தர்ற டோம்பெரிடோன் வாங்கியிருந்தா பரவாயில்லையா சார்? அது மூளைக்குள்ள அவ்வளவா போகாதுன்னு சொல்றாங்களே."

"மருந்தை மூளைக்குள்ள விடாத தடுப்பு ஒண்ணு இருக்கு, பிட்யூட்டரி அதுக்கு வெளியில இருக்கும்மா. அதுவும் ஏத்தும். மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான்."

மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோனும் இதே வகையில் ஏற்றுமாம். அதற்காக யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

ஸ்கேன் எழுதவில்லை. மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் கழித்துப் பார்த்ததில் 17. கிளம்பும் முன் அதே மெடிக்கலில் அட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாரும் இதத்தான் கேக்கறாங்கக்கா" என்றார்.