இறக்கை உரசிய அன்று: கேப்டனுக்கு 5 நட்சத்திரம், கவுன்டருக்கு 1

வடக்கே ஓர் ஊரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். விமான நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சீட் வசதி, சாப்பாடு பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள், எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

கதவு சாத்தி, வண்டி பின்னால் தள்ளிவிட்டு, விமானம் ரன்வேயை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் இடது பக்கம் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம், லேசாக ஓர் உலுக்கல், உடனே பிரேக். டவுன் பஸ் மரக்கிளையில் உரசினால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கேப்டன் பேசினார்: நின்றிருந்த இன்னொரு விமானத்தில் நம் இறக்கை நுனி பட்டுவிட்டது, இந்த விமானம் இன்று பறக்காது, பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருங்கள். இந்த மூன்று விஷயத்தையும் மழுப்பாமல் சொன்னாரே, அதற்குத்தான் 5 நட்சத்திரம்.

பின்சீட்டில் இருந்த ஒருவர் "சின்னக் கீறல்தானே, கிளம்ப வேண்டியதுதானே" என்று சத்தம் போட்டார். அவர் அவசரம் புரிகிறது, ஆனால் இறக்கைக்குள்தான் எரிபொருள் இருக்கிறது, நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும் பகுதி கார்பன் ஃபைபர் மாதிரியான பொருள், வெளியே கோடு மட்டும் தெரியும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பொறியாளர் பார்க்காமல் அதை மேலே கொண்டுபோகவே கூடாது.

இது எப்படி நடக்கிறது என்று வந்த பிறகு தேடிப் படித்தேன். பெரிய விமானங்கள் பலவற்றில் காக்பிட்டில் உட்கார்ந்தபடி இறக்கை நுனியைப் பார்க்கவே முடியாது. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் திரும்பும்போது நுனி நாம் நினைப்பதைவிட வெளியே வீசிப் போகும். முன்சக்கரம் மஞ்சள் கோட்டிலேயே போனாலும், பக்கத்து விமானம் முழுசாக உள்ளே போகாமல் வால் நீட்டிக்கொண்டு நின்றால் தீர்ந்தது. 2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க் ஜேஎஃப்கே நிலையத்தில் ஏர் பிரான்ஸின் ஏ380 இப்படித்தான் ஒரு சின்ன காம்ஏர் ஜெட்டின் வாலில் இடித்து அதை அப்படியே சுழற்றிவிட்டது. ஏ380 இறக்கையின் அகலம் கிட்டத்தட்ட 80 மீட்டர். யாருக்கும் காயம் இல்லை. அடுத்த வருடமே அமெரிக்க விபத்து விசாரணை வாரியம், பெரிய விமானங்களில் இறக்கை நுனியைப் பார்க்க கேமரா மாதிரி ஏதாவது வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனக்கு இது எப்போதோ கட்டாயமாகியிருக்க வேண்டிய விஷயமாகத்தான் படுகிறது. காரிலேயே ரிவர்ஸ் கேமரா வந்துவிட்டது!

நம் பக்கமும் நடந்திருக்கிறது. 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில் சென்னைக்குக் கிளம்ப ரன்வே அனுமதிக்காகக் காத்து நின்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது, நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ இண்டிகோ பைலட்டுகளைப் பணியிலிருந்து விலக்கிவைத்து விசாரித்தது.

க்ரூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து மேலே இருந்த பையை இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பெண்கள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, குரலை உயர்த்தி எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அப்போது சிலருக்குக் கோபம். ஆனால் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ரன்வேயில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தபோது, அந்தப் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு இறங்கியதற்கு, பையைத் தொடாமல் க்ரூ சொன்னதைக் கேட்டது ஒரு முக்கியக் காரணம். சின்ன விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள்.

சரி, கவுன்டர். கேப்டன் வாயாலேயே சொன்ன விஷயத்தை அங்கே "டெக்னிக்கல் காரணம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடுத்த விமானம் எப்போது என்று கேட்டால் மெசேஜ் வரும், பாருங்கள். ஏழு மணி நேரம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம் என்று டிஜிசிஏ விதி இருக்கிறது, அதை ஒருவர்கூடத் தானாகச் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் பேத்தி கல்யாண நிச்சயத்துக்குப் போகிறவர், அவருக்கு நான்தான் படித்துக்காட்டி ரீஃபண்ட் எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டுக் கூப்பனும் கேட்ட பிறகுதான் வந்தது.

அடுத்த மாதம் மறுபடி அதே ஊருக்குப் போக வேண்டும். அதே நிறுவனத்தில்தான் போட்டிருக்கிறேன், அந்த கேப்டனையும் அந்த இரண்டு பெண்களையும் நினைத்து. ஜன்னல் சீட், இறக்கை தெரிகிற வரிசை.