ஏலத்தில் பூல் க்யூ வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

போன நவம்பரில் ஒரு பூல் க்யூவுக்காக, அதாவது பில்லியர்ட்ஸ் போன்ற பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கிற கம்புக்காக, 1,510 டாலர் கொடுத்து ஏமாந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதில் என் தப்பும் நிறையவே உண்டு. ஆனால் இங்கே நியூ ஜெர்சியில் என்னோடு லீக் ஆடுகிற நம்ம ஆட்களே இரண்டு பேர் இப்போது ஏலத்தில் க்யூ தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதலில், ஒரு கம்புக்கு எதற்கு இவ்வளவு காசு என்று கேட்பவர்களுக்கு. என் மனைவியும் அதையேதான் கேட்டாள். நல்ல க்யூ செய்கிறவர் மேப்பிள் மரத்தை வாங்கி வருடக்கணக்கில் காயப் போடுவார். அப்புறம் லேத்தில் ஒரு சுற்று மெலிதாகச் சீவி, சில மாதம் தொங்க விட்டு, மறுபடி ஒரு சுற்று சீவுவார். மரம் வளைவதாக இருந்தால் அந்த இடைவெளியிலேயே வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். வளைந்ததைத் தூக்கிப் போட்டுவிடுவார். கைப்பிடிக்கு மேலே ஈட்டி முனை போல ஏறுகிற பாயின்ட்டுகள் வெறும் அலங்காரம் இல்லை. பழைய முறையில் கருங்காலியையும் மேப்பிளையும் பள்ளம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று இறக்கி ஒட்டுவார்கள். தனி ஆளாகப் பட்டறை வைத்திருப்பவர் வருடத்துக்குச் சில டஜன் செய்தாலே பெரிய விஷயம்.

இந்தத் தொழிலில் இரண்டு பெயர்களைத் தெய்வத்துக்குச் சமமாகச் சொல்வார்கள். ஒருவர் ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ் பாலபுஷ்கா, 1975-ல் இறந்தார். இன்னொருவர் எங்கள் மாநிலத்துப் பென்சாக்கனைச் சேர்ந்த கஸ் ஸாம்போட்டி, 1988-ல் இறந்தார். அவர்கள் கைபட்ட க்யூ இன்று கார் விலைக்குப் போகிறது. 1986-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் பாலபுஷ்கா என்று சொல்லிக் காட்டிய க்யூ உண்மையில் ஜாஸ் கம்பெனி செய்தது. க்யூவுக்கும் டூப் போட்டிருக்கிறார்கள்! உயிரோடு இருக்கிற நல்ல மேக்கர்களிடம் போனால் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். லாஸ் வேகஸில் இருக்கும் சவுத்வெஸ்ட் பட்டறையில் பெயர் கொடுத்தால் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு க்யூவுக்காக அத்தனை வருடம் க்யூவில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் என்னைப் போல ஏலத்துக்கு ஓடுகிறார்கள்.

நான் வாங்கிய க்யூவைச் செய்தவர் காலமாகிவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதால் பெயர் வேண்டாம். விற்றவர் வேறு மாநிலத்துக்காரர். ஏலப் பக்கத்தில் பன்னிரண்டு படம் போட்டிருந்தார். எல்லாமே ஒரே கார்ப்பெட்டின் மேல் எடுத்தவை. பழுப்பு நிறம், ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்துக் கருகிய முக்கோணத் தடம். அந்தத் தடம் இன்றும் கண்ணை மூடினால் வருகிறது.

விவரம் என்று அவர் எழுதியிருந்தது நாலே வரி. 'சேர்த்து உருட்டினால் நேராக உருளும். இரண்டு ஷாஃப்ட் உண்டு. வெள்ளைப் பாகங்கள் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். படத்தில் உள்ளபடியே விற்கப்படுகிறது.' இந்த நாலு வரியை நான் குறைந்தது ஐம்பது தடவை படித்திருப்பேன். ஒரு தடவைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

பழக்கமில்லாதவர்களுக்கு: இந்த க்யூக்கள் இரண்டு துண்டாக வரும். கைப்பிடி உள்ள கனமான கீழ்ப்பாதி பட், பந்தை அடிக்கிற மெல்லிய மேல்பாதி ஷாஃப்ட். நடுவில் திருகாணி வைத்த ஜாயின்ட். ஷாஃப்டின் நுனியில் தோல் டிப்புக்குக் கீழே ஒரு வெள்ளைக் குப்பி இருக்கும், அதுதான் ஃபெரூல். அந்தக் காலத்தில் விலை உயர்ந்த க்யூக்களில் ஃபெரூலையும் ஜாயின்ட்டையும் யானைத் தந்தத்தில் செய்வார்கள். 'தெரிந்தவர்களுக்குத் தெரியும்' என்று கண்ணடித்தது அதைத்தான்.

ஏலம் ஞாயிறு இரவு முடிந்தது. நான் அதிகபட்சம் 1,300 என்று போட்டு வைத்திருந்தேன். பெயர் மறைத்த ஒருவர் இருபத்தைந்து இருபத்தைந்து டாலராக ஒன்பது தடவை ஏற்றி, என் தொகையைத் தொடும் இடத்தில் கச்சிதமாக நின்றுவிட்டார். விற்பவரே ஆள் வைத்து ஏற்றினாரா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. கடைசியில் நான்தான் முதலிடம், ஆனால் விற்பவர் ரகசியமாக வைத்திருந்த ரிசர்வ் என்ற குறைந்தபட்ச விலையை எட்டவில்லை என்று வந்தது. யாருக்கும் விற்காமல் ஏலம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு செய்தி. 'உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருப்பது தெரிகிறது. நம்பர் கொடுங்கள், பேசலாம்.' கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். தோள்பட்டையில் ஆபரேஷன், இனி ஆட முடியாது, சேர்த்து வைத்ததையெல்லாம் நல்ல கைகளில் ஒப்படைக்க வேண்டும் என்றார். அவசரமே காட்டவில்லை. கேரம் போர்டு ஆடி வளர்ந்தவன் நான் என்று சொன்னதும் ஸ்ட்ரைக்கரை எதில் செய்வார்கள் என்று கேட்டார். பழைய கேரம் ஸ்ட்ரைக்கர்களில் தந்தமும் உண்டு என்றேன். 'அப்படியானால் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை' என்றார். எவ்வளவு நைசாக என்னையே பேச வைத்திருக்கிறார் பாருங்கள். ஃபெரூல், ஜாயின்ட் இரண்டும் அசல் தந்தம், தளத்தில் தந்தம் விற்கத் தடை இருப்பதால்தான் வெளிப்படையாக எழுதவில்லை, அதனால் வெளியிலேயே முடித்துக்கொள்வோம் என்றார். 1,450 டாலர், பார்சலுக்கு 60. பணம் அனுப்பும் ஆப்பில் 'நண்பர், உறவினர்' என்ற வகையில் அனுப்பச் சொன்னார். கட்டணம் மிச்சமாகுமாம்.

அனுப்பினேன்.

இங்கேதான் என் தப்பு. தந்தத்துக்குத் தடை இருப்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஈபே 2009-லேயே தந்த விற்பனைக்குத் தடை போட்டது. நான் ஏலம் கேட்ட தளத்திலும் அதே விதி. அமெரிக்க மத்திய அரசு 2016 ஜூலையில் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுதாக நிறுத்தியது. எங்கள் நியூ ஜெர்சி இன்னும் கடுமை. 2014-ல் வந்த மாநிலச் சட்டப்படி இங்கே தந்தத்தை விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டவிரோதம். மாநிலச் சட்டத்தை நான் பிறகுதான் தேடிப் படித்தேன் என்பது உண்மை. முன்பே தேடாமல் இருந்ததற்குக் காரணம், தேடினால் வாங்க முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்ததுதான்.

பத்து நாளில் பார்சல் வந்தது. சமையலறை கிரானைட் மேடையில் சேர்த்து மாட்டி உருட்டினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. மனசு குளிர்ந்தது. கழற்றிப் பையில் வைக்கும்போது ஷாஃப்ட் கை நழுவி மேடையில் தானாக உருண்டது. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, இது ஏன் டான்ஸ் ஆடுது?" என்றாள்.

டிப் இருக்கும் நுனி மேலும் கீழும் எகிறியது. குனிந்து பார்த்தால் மேடைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பட் பகுதியைத் தனியாக உருட்டினேன். அதுவும் வளைவு. 'சேர்த்து உருட்டினால்' என்ற சொல் அப்போதுதான் மண்டையில் இறங்கியது. பட் ஒரு பக்கம் கோணல், ஷாஃப்ட் எதிர்ப் பக்கம் கோணல். திருகாணியை முழுக்க இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து நேர் போலக் காட்டும். இரண்டாவது ஷாஃப்டை மாட்டியதும் மொத்தமும் வில்லாகிவிட்டது. மனைவி வந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, இந்தக் கோணல் கம்புக்கா ஒரு மாச மளிகைக் காசைக் கொட்டுனீங்க?" என்றாள். ஒரு மாசம் இல்லை, இரண்டு மாசம். நான் திருத்தவில்லை.

ஒரு மணி நேரத் தூரத்தில் தன் கராஜில் க்யூ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பட் பகுதியைக் கையில் வாங்கியவர் முதலில் ஜாயின்ட்டின் தட்டையான முகத்தைத்தான் பார்த்தார், கண்ணில் லென்ஸ் வைத்து. யானைத் தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் அந்த முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு வலை போலத் தெரியும், ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். எனக்கும் லென்ஸைக் கொடுத்தார். பால் கட்டியைப் போல வெள்ளையாக இருந்தது, ஒரு கோடு இல்லை. "பிளாஸ்டிக்" என்றார். பிறகு ஷாஃப்டின் ஜாயின்ட் ஓரத்தில் உள்ள வளையத்தையும் பட்டின் வளையத்தையும் பக்கத்தில் வைத்தார். பட்டில் வெள்ளி வளையத்துக்குள் கட்டம் கட்டமாக வேலைப்பாடு, ஷாஃப்டில் வெறும் கறுப்பு. அசல் ஷாஃப்டாக இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி இருந்திருக்கும். நுனியை அளந்தார்: 12.2 மில்லிமீட்டர். வழக்கமாக 13-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. தேய்த்துத் தேய்த்து உப்புத்தாளுக்கே பாதி போயிருக்கிறது.

கடைசியாக டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து பட் பகுதியை மெல்லத் திருப்பினார். பாயின்ட்டுகளுக்கு நடுவே புதுப் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் முடி போல ஒரு விரிசல், பசை போட்டு மூடியது. வீட்டுக்கு வந்து அந்தப் பன்னிரண்டு படங்களையும் மறுபடி பார்த்தேன். விரிசல் உள்ள பக்கம் பன்னிரண்டிலும் கார்ப்பெட்டைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது. ஜாயின்ட் முகத்துக்கு ஒரு படம்கூட இல்லை.

"பட் மட்டும் அசல்தான், பாவம். கார் டிக்கியில் வெயிலில் கிடந்திருக்கும்" என்றார் பெரியவர். இருக்கிற நிலையில் முந்நூறு டாலர் போகலாமாம். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை, காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

விற்றவருக்கு எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது, மரியாதையாகவே: 'நான் எழுதியதில் எது பொய் என்று காட்டுங்கள்.' காட்ட முடியவில்லை. சேர்த்து உருட்டினால் நேராகத்தான் உருளுகிறது. ஷாஃப்ட் இரண்டு என்றார், இரண்டு இருக்கிறது. தந்தம் என்ற சொல்லைத் தொலைபேசியில் மட்டும்தான் சொன்னார், எழுத்தில் ஒரு இடத்திலும் இல்லை. நம்பர் கேட்டது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தளத்தில் கேட்டால், வெளியே நடந்த வியாபாரத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஆப்பில் கேட்டால், நண்பருக்கு அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. இரண்டு பேர் சொன்னதும் விதிப்படி சரிதான். தளத்துக்குள்ளேயே, கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் பொருள் விவரப்படி இல்லை என்று சண்டை போட ஒரு வழியாவது இருந்திருக்கும். அந்த வழியை அடைத்துக்கொண்டது நானேதான். எஃப்பிஐ நடத்தும் இணையக் குற்றப் புகார் மையத்தில் ஒரு புகார் பதிந்து வைத்திருக்கிறேன். இந்தக் கூத்தில் எனக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம், அது தந்தமாக இல்லாமல் போனது.

இன்னும் ஏலத்தில்தான் வாங்குவேன் என்கிறவர்கள் இதையாவது செய்யுங்கள். பட் பகுதியையும் ஒவ்வொரு ஷாஃப்டையும் தனித்தனியாகப் பூல் மேசையில் உருட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். 'சேர்த்து' என்ற சொல் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். ஜாயின்ட்டின் முகத்தை நேராக எடுத்த படம், பட் பகுதியைக் கால் கால் திருப்பாக நாலு பக்கமும் எடுத்த படம், நுனியில் தடிமன் அளக்கும் காலிப்பர் வைத்த படம் மூன்றும் வேண்டும். செய்தவர் உயிரோடு இருந்தால் படத்தை அவருக்கே அனுப்பிப் பாருங்கள். தன் கை வேலையை அடையாளம் சொல்லப் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. வெள்ளைப் பாகத்தைப் பற்றி யாராவது கண்ணடித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நிஜமாக இருந்தாலும் தலைவலி, பொய்யாக இருந்தாலும் தலைவலி.

விற்றவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. போன வாரம் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று ஏலப் பக்கத்தைத் திறந்தேன். விற்பவர் பெயர் வேறு, ஊரும் வேறு. நாலு கருங்காலிப் பாயின்ட், புதுப் பூச்சில் மின்னும் ஒரு க்யூ, பதினோரு படம். 'சேர்த்து உருட்டினால் நேராக உருளும்' என்று எழுதியிருந்தது. ஆறாவது படத்தில் இடது மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்புக் கார்ப்பெட், கருகிய முக்கோணம்.