வேம்பு, நொச்சி, துளசி, சிட்ரனெல்லா: திருகோணமலை வளவுகளில் எது எதற்கு உதவும்?

மாரி தொடங்கியதும் திருகோணமலையில் அயல்வீடுகளிலிருந்து மூன்று ஆலோசனைகள் வந்து சேரும்: வாசலில் துளசியை வையுங்கள், மாலையில் நொச்சியிலையைப் புகையுங்கள், காலில் சிட்ரனெல்லா எண்ணெயைப் பூசுங்கள். தோட்டத்துக்கென்றால் எல்லோரும் வேம்பையே சொல்வார்கள். எந்தப் பூச்சிக்கு, எந்த நேரத்தில் என்று கேட்காமல் இந்நான்கையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாது.

துளசியின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கப்படுகிறது. அதன் இலையில் யூஜினோல் போன்ற ஆவியாகும் எண்ணெய்கள் இருப்பது உண்மை. ஆயினும் இலை கசங்காத வரை அவை மிகச் சிறிதளவே காற்றில் கலக்கின்றன. எங்கள் முற்றத்துத் துளசி மாடத்தருகே கதிரை போட்டு அமர்ந்த மாலைகளில் நுளம்புக்கடி வாங்காமல் நான் எழுந்தது அரிது. சிட்ரனெல்லாப் புல்லைப் பூச்சாடியில் நட்டு வைப்பதற்கும் இதுவே பொருந்தும்.

சிரட்டைத் தணலில் நொச்சியிலையும் காய்ந்த வேப்பிலையும் இட்டு எழுப்பும் புகை துளசிச் செடியைவிட உறுதியாக வேலை செய்கிறது. எனினும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது திறந்த முற்றத்தில் நிற்பதில்லை. மாரியில் கதவைச் சாத்திய அறைக்குள் நிற்கும்போது அதை மூச்சில் வாங்குவோர் நாமே. ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேரத்தைப் பற்றிய குறை இதைவிடப் பெரிது. மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் நுளம்பு இரவில் கடிப்பது. அதற்கு அந்திப் புகை பொருந்தியது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. இன்று நாம் அஞ்ச வேண்டிய டெங்கு நுளம்பாகிய ஈடிஸ் பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்திய மணித்தியாலங்களிலும் கடிக்கிறது. ஆகவே பள்ளிக்கூடம் புறப்படும் பிள்ளைக்கு முந்திய நாள் மாலைப் புகையைவிட, தேங்காயெண்ணெயில் கலந்து காலிலும் கையிலும் பூசிய சிட்ரனெல்லா எண்ணெயே மேல். அதுவும் விரைவில் ஆவியாகிவிடுவதால் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துடன் தளர்ந்துவிடும்; மீண்டும் பூச வேண்டும். சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரை வாரந்தோறும் கொட்டிவிடாத வளவில் எந்த மூலிகையும் ஈடுகொடுக்காது, ஏனெனில் முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதுமானவை.

தோட்டத்தில் வேம்புக்கு நிகரில்லை. ஆனால் இலையைவிட விதையே வலியது. விதைப் பருப்பில் செறிந்துள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சியை உடனே கொல்வதில்லை. அது தின்பதைக் குறைத்து, தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. மறுநாளும் கத்தரியில் புழு இருப்பதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று கைவிடுவோர் பலர். சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மிளகாய், வெண்டி, பயற்றை ஆகியவற்றின் இலைகளின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம். சாறுறிஞ்சும் பூச்சிகளான வெண்ணீயும் அழுக்கணவனும் அங்கேதான் ஒதுங்குகின்றன. அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதாலும், தேனீக்கள் அதற்குள் பூக்களை விட்டுப் போயிருக்கும் என்பதாலும் மாலையே உகந்த நேரம். வேர்முடிச்சை உண்டாக்கும் வட்டப்புழுக்களுக்கு மட்டும் வேறு துணை வேண்டும். துலுக்கச் செவ்வந்தியை (செண்டுமல்லி) நெருக்கமாக நட்டு வளர்த்தால் அதன் வேரில் சுரக்கும் பொருள் அவற்றைக் குறைக்கிறது.

வேப்பம்பழம் உதிரும் காலத்தில் சதையைக் கழுவி நீக்கி, விதையை நிழலில் நன்றாக உலர்த்திக் காற்றோட்டமுள்ள சாக்கில் வைத்திருப்பவருக்கு மாரித் தோட்டத்துக்கு மருந்துத் தட்டுப்பாடு இராது. பூஞ்சணம் பிடித்த விதையை மட்டும் எறிந்துவிட வேண்டும்.