கிரேஸ் கதீட்ரல், சான் பிரான்சிஸ்கோ: புதியவரின் பார்வையில்

ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கலிபோர்னியா மறைமாவட்டத்தின் தலைமை ஆலயமான கிரேஸ் கதீட்ரல், நாப் ஹில் மேட்டின் உச்சியில் நிற்கிறது. 1928-இல் தொடங்கிய கட்டுமானம் 1964-இல்தான் முடிந்தது. மேடு செங்குத்தானது என்பதால் முதியோர், தெருவில் தண்டவாளத்தின் மீது ஓடும் கேபிள் காரில் வருவதே நல்லது.

இங்கே பாராட்டத்தக்கது, புதியவரைக் கூச்சப்படுத்தாத வரவேற்பு. வேறோர் ஊரில் ஓர் ஆலயத்தில் என்னை எழுந்து நின்று பெயர் சொல்லச் சொன்னார்கள். அந்தச் சங்கடம் இன்னும் மறக்கவில்லை. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. திருவிருந்து நேரத்தில், அப்பத்தைப் பெற விரும்பாதவர் மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு முன்சென்றால், குருவானவர் ஆசீர்வாதம் மட்டும் கூறி அனுப்புகிறார். யாரும் காரணம் கேட்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபையும் இதே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தது என்பதால், அதில் வளர்ந்தவர்களுக்கு வழிபாட்டின் ஒழுங்கு பெரும்பாலும் பழகியதாகவே இருக்கும்.

எய்ட்ஸ் நோயால் மறைந்தோரின் நினைவாக அமைந்த சிற்றாலயத்தை விட்டுவிட வேண்டாம். அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1990-இல் தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் முடித்த மூன்று மடிப்புப் பீடப்படம் அங்கே இருக்கிறது. வெண்தங்கப் பூச்சின் மீது ஓடும் கோடுகளை அருகில் நின்று பார்த்தால், எங்கும் திருத்தமே செய்யாத கை என்பது புரியும். பிரான்சிலுள்ள சார்த்ரே ஆலயத்தின் மாதிரியில் தரையில் பதித்த சுழல்பாதையில் நடந்து பார்ப்பதற்குத் தனியே அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.