ரெக்கவரி வண்டிக்காரர் "நியூட்ரல்ல போட்டாச்சு சார்" என்றால் நம்பி விட்டுவிடாதீர்கள்

ஜி.எஸ்.டி. ரோட்டில் மேல்மருவத்தூர் பக்கம் நின்றுபோன ஒரு சி.வி.டி. (ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) கார், சென்னை ஒர்க்‌ஷாப்புக்கு வந்து இறங்கும்போது கியர்பாக்ஸ் போய்விட்டிருந்தது. நடுவழியில் நின்றதற்குக் காரணம் ஆல்டர்னேட்டர்தான். சார்ஜ் ஏறாமல் பேட்டரி இறங்கி வண்டி அணைந்திருக்கிறது. சில ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை, இழுத்து வந்த விதத்தால் லட்சத்துக்குப் போய்விட்டது. உரிமையாளரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறோம்.

போனில் தேடி, முதலில் வந்த நம்பரை அழைத்திருக்கிறார். ஃபிளாட்பெட் (காரை முழுதாகத் தட்டில் ஏற்றிக் கொண்டுபோகும் லாரி) அனுப்புவதாகச் சொல்லி முன்பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். வந்தது கொக்கி வைத்துத் தூக்கும் வண்டி. "ஃபிளாட்பெட் வேற டிரிப்ல இருக்கு சார், இதுலயே பத்திரமா கொண்டு போயிடலாம், நியூட்ரல்ல போட்டாச்சு" என்றிருக்கிறார் டிரைவர். காரின் மூக்கு சாலையோரத் தடுப்பைப் பார்த்து நின்றிருந்தது. திருப்பி நிறுத்தச் சோம்பல்பட்டு, பின்பக்கத்தைத் தூக்கி மாட்டிவிட்டார்கள். அது முன்சக்கரம் இழுக்கும் கார். அந்த இரண்டு சக்கரமும் சென்னை வரை தரையில் உருண்டே வந்திருக்கின்றன. இறக்கும்போது டோல், வெயிட்டிங், ரிட்டர்ன் என்று பேசாத தொகையையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, பில் தராமல் போய்விட்டார்கள்.

நியூட்ரலில்தானே இருந்தது, அப்புறம் எப்படிக் கெட்டது? ஆட்டோமேட்டிக், சி.வி.டி. கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் பம்பு இன்ஜின் சுழன்றால்தான் வேலை செய்யும். இன்ஜின் அணைந்திருக்கும்போது சக்கரம் உருண்டால், சக்கரத்தையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்ட் வழியாக உள்ளே இருக்கும் பாகங்கள் சுழலும், ஆயில் மட்டும் போகாது. நியூட்ரல் இன்ஜினோடு உள்ள தொடர்பைத்தான் விடுவிக்கிறது. சக்கரத்தோடு உள்ள தொடர்பு அப்படியே இருக்கும். உலோகம் உலோகத்தோடு ஆயில் இல்லாமல் உரசி, சூடேறி, தேய்ந்துபோகும். இந்தக் காரில் ஆல்டர்னேட்டரை மாற்றியதும் இன்ஜின் ஒழுங்காக ஓடியது. 'டி'யில் (டிரைவ்) போட்டால் ஊளைச் சத்தம் மட்டும் வந்தது, வண்டி நகரவில்லை. ஆயிலை வடித்துப் பார்த்தபோது கறுத்துக் கருகிய வாடை அடித்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வெள்ளித் தூள் மின்னியது. கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டுக்குள் இருக்கும் காந்தத்தில் சேறு மாதிரி இரும்புத் தூள் அப்பியிருந்தது. இன்சூரன்ஸும் கைகொடுக்கவில்லை. சாதாரண பாலிசியில் மெக்கானிக்கல் பழுது சேராது.

ஆகவே வண்டி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சக்கரத்தைத் தூக்கப் போகிறீர்கள் என்பதே. இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அது தரையில் படக்கூடாது. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கர டிரைவ். முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஈக்கோ போன்றவை பின்சக்கர டிரைவ். பின்பக்கத்தைத் தூக்க வேண்டும், முடியாவிட்டால் கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் ஸ்டியரிங்கை நேராக வைத்துத் தனியாகக் கட்ட வேண்டும். சாவி லாக்கை மட்டும் நம்பக் கூடாது. நான்கு சக்கர டிரைவ் என்றாலும் எலெக்ட்ரிக் கார் என்றாலும் ஃபிளாட்பெட் தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். எலெக்ட்ரிக் காரில் சக்கரம் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உற்பத்தி செய்யும், மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர் பாழாகலாம்.

ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கியரை மாற்றுவது மட்டும் கைக்குப் பதில் மின்சாரத்தில் இயங்கும் ஒரு ஆக்சுவேட்டர். பல மாடல்களில் 'பி' (பார்க்கிங்) கிடையாது, கியரில் போட்டுத்தான் நிறுத்துகிறோம். கியரில் இருக்கும்போது பேட்டரி செத்துவிட்டால் லீவரை எங்கே நகர்த்தினாலும் உள்ளே நியூட்ரல் விழாது. அப்படியே இழுத்தால் முன்சக்கரங்கள் தேய்ந்துகொண்டு வரும். ஜம்ப் ஸ்டார்ட்டர் கொடுத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும்.

சாதாரண ஆட்டோமேட்டிக் 'பி'யில் மாட்டிக்கொண்டால், லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி சாவி முனையாலோ ஸ்க்ரூடிரைவராலோ அழுத்தினால் லீவர் நகரும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் 12 வோல்ட் வந்தால்தான் விடும். சக்கரம் எந்த வழியிலும் உருளவில்லையா, அடியில் ஸ்கேட் (வழுக்கிப் போகும் தட்டு) வைத்து ஏற்றச் சொல்லுங்கள். அது இல்லாமல் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) போட்டு இழுத்து ஏற்றினால் டயர் ஒரே இடத்தில் தேயும். முன்பக்கத்தைச் சரியாகத் தூக்கிவிட்டு ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க மறப்பதும் நடக்கிறது. ஊர் வந்து சேர்வதற்குள் பின் டிரம் கருகிவிடும்.

கொக்கியை எங்கே மாட்டுகிறார்கள் என்று குனிந்து பாருங்கள். பம்பர், அடியில் சக்கரத்தோடு சேரும் லோயர் ஆர்ம், டை ராட், டிரைவ் ஷாஃப்ட் எதிலும் மாட்டக் கூடாது. டூல் கிட்டில் ஜாக்கியோடு திருகு வைத்த டோ ஹூக் இருக்கும். பம்பரில் உள்ள சதுர மூடியைக் கழற்றி, அதை மரை முடியும் வரை திருகி, வீல் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். சில ஐரோப்பியக் கார்களில் இது இடமரை. பாதி மரையில் விட்டால் வின்ச் இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். ஃபிளாட்பெட்டில் ஏற்றிய பிறகு பெல்ட்டை டயர் மேல் போட்டு இறுக்குவதே சரி.

கயிறு கட்டி இழுப்பது மேனுவல் காருக்கு மட்டும், அதுவும் பக்கத்து மெக்கானிக் கடை வரை. நைலான் பெல்ட் வேண்டும். சங்கிலியோ இரும்புக் கயிறோ வேண்டாம். வெட்டி இழுக்கும்போது அறுந்தால் ஆளை அடிக்கும். இரண்டு வண்டிக்கும் இடையில் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கயிற்றின் நடுவே சிவப்புத் துணி கட்டுங்கள். சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். எடுத்துவிட்டால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். பின் வண்டியில் ஓட்டத் தெரிந்தவர் உட்கார்ந்து, கயிறு தொய்யாமல் மெல்லப் பிரேக் பிடித்து வர வேண்டும். 25 கி.மீ. வேகம் போதும்.

யாரை அழைப்பது? தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கிரேன் வந்து வண்டியைச் சாலையிலிருந்து அகற்ற உதவும். பாலிசியிலோ கார் கம்பெனியிலோ ரோடு சைட் அசிஸ்டன்ஸ் இருந்தால் அந்த நம்பர் பாலிசித் தாளிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். கூகுளில் கிடைக்கும் "ஹெல்ப்லைன்" நம்பருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். வெளியாளைக் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ஃபிளாட்பெட்டா இல்லையா, இறக்க வேண்டிய இடம், டோலும் ரிட்டர்னும் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு, மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வேறு வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள். "நம்ம ஷெட்டுல போட்டுடலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் கமிஷன் இருக்கும். கொக்கி மாட்டும் இடம், தரையில் இருக்கும் சக்கரங்கள், வண்டியின் நம்பர் பிளேட் மூன்றும் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள். இந்தக் கார்க்காரரிடம் பில்லும் இல்லை, வீடியோவும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லக்கூட முன்பணம் போன ரசீது மட்டும்தான் கையில் இருக்கிறது.