கிராஷ் ஆன பிறகு பிரவுசர் எதைத் திருப்பித் தருகிறது?

பயர்பாக்ஸ், குரோம் இரண்டையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். மெமரி தீர்ந்தால் எந்த பிரவுசரும் விழும், அதில் எனக்கு வருத்தமில்லை. விழுந்த பிறகு என்னென்ன திரும்பக் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் நல்ல பிரவுசரா இல்லையா என்று பார்க்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு பக்கம் சிக்கினால் மொத்தமும் போய்விடும். 2008-ல் குரோம் வந்தபோது டேப்களைத் தனித்தனி பிராசஸ்களில், அதாவது ஒன்றையொன்று பாதிக்காத தனி புரோகிராம்கள் போல, ஓடவிட்டது, அதனால் இப்போது பெரும்பாலும் சிக்கிய டேப் மட்டும் சோக முகம் காட்டும், மற்றவை பாட்டுக்கு ஓடும். பயர்பாக்ஸும் 2016 முதல் படிப்படியாக அந்த வழிக்கு வந்துவிட்டது.

ஆனால் மொத்தமாக மூடிக்கொள்ளும்போது எனக்கு நம்பிக்கை பயர்பாக்ஸ் மேல்தான். திறந்திருக்கும் டேப்கள், ஒவ்வொன்றிலும் முன்பு பார்த்த பக்கங்கள், பக்கத்தில் எவ்வளவு தூரம் கீழே வந்திருந்தோம், சாதாரண பெட்டிகளில் அடித்துவைத்த எழுத்து என எல்லாவற்றையும் ஏறக்குறைய 15 விநாடிக்கு ஒருமுறை எழுதி வைக்கிறது. கடைசியாக அடித்த ஒன்றிரண்டு வரி போகலாம், அவ்வளவுதான். சில தளங்கள் சொந்தமாகச் செய்து வைத்திருக்கும் எழுதும் பெட்டிகளில் இதை நம்ப முடியாது. பிரைவேட் விண்டோவில் இருந்தது எதுவும் திரும்பாது, அது திரும்பவும் கூடாது.

ரீஸ்டோர் செய்ததும் அதே டேப் மறுபடி கவிழ்த்தால்? அடுத்தடுத்து கிராஷ் ஆனால் பயர்பாக்ஸ் தானாக எல்லாவற்றையும் திறக்காமல் ஒரு பட்டியல் காட்டும், ஒவ்வொரு டேப் பக்கத்திலும் டிக் இருக்கும். சந்தேகமான டேபின் டிக்கை எடுத்துவிட்டு மற்றதைத் திறந்தால் போதும், எத்தனையோ முறை இதுதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

குரோமில் மீட்கவா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதைத் தவறிப்போய் மூடிவிட்டாலும் ஹிஸ்டரி மெனுவில் பழைய டேப்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அல்லது கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

பயர்பாக்ஸில் டேப்கள் வராமல் வெறும் விண்டோ வந்தால் பதறிப்போய் மூடித் திறக்காதீர்கள், பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பயர்பாக்ஸ் உங்கள் டேப்கள், செட்டிங்குகளை எல்லாம் வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டருக்குள் செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ் (sessionstore-backups) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். முதலில் அதை அப்படியே வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.